ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ: முதல் செலவு இன்ஜினுக்கா, பிரேக்குக்கா, ஷாக் அப்சார்பருக்கா?

மதுரையில் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ரீமேப்பில்தான், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவதில்தான், போய் நிற்கும். லேப்டாப்பை மாட்டினால் போதும், 180 குதிரைத்திறன் 200-ஐ சுலபமாகத் தாண்டிவிடும், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். நானும் விசாரித்தேன், விலையும் கேட்டேன். அப்புறம் பணத்தைப் போட்டது ஷாக் அப்சார்பரில்.

பிரேக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியானால் அங்கே எல்லை டயரின் பிடிதான், பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாட்டினாலும் அந்த ஒரு தடவை வண்டி நிற்கும் தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கின் பலன் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்குவதற்கு நல்ல பேடும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிய டாட் 4 பிரேக் ஆயிலும், கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கமும் போதும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். பெடல் பஞ்சு மாதிரி இறங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

இன்ஜின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இந்த காரில் இருப்பது டிக்யூ200 என்கிற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். அது தாங்குவதற்கென்று வடிவமைத்த முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், கம்பெனி இந்த இன்ஜினுக்குக் கொடுத்திருப்பதும் அதே 250. மிச்சமே வைக்கவில்லை. ரீமேப் செய்தால் அதற்கு மேலே போவதெல்லாம் கிளட்ச் தலையில்தான் விழும். சாயங்காலம் கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் ஊர்ந்து ஊர்ந்து போகிறபோது உலர் கிளட்ச் ஏற்கெனவே சூடாகித்தான் கிடக்கும். சித்திரை வெயிலில் டர்போவுக்குள் போகும் காற்றும் சூடு, நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வராமல் இருக்க இன்ஜினே ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும், மதிய நேரத்தில் காசு கொடுத்த பவர் முழுசாகக் கிடைக்காது. நண்பர் ஒருவரின் ரீமேப் செய்த காரைத் திருச்சி நான்கு வழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன், இழுவை பிரமாதம், பொய் சொல்லக்கூடாது. அவர் கிளட்ச் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் ஊருக்குள் ஓட்டுவதே அபூர்வம், அதை வைத்து நான் எதையும் முடிவு கட்ட மாட்டேன். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் நேரத்தில் வரும் வம்பு தனி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புக் கணக்கு. ஷாக் எப்படியும் தேயும் சாமான். அழகர்கோவில் ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடிக்கொண்டிருந்தது, பின் டயரை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. பட்டறையில் கழற்றி ரப்பர் உறையை விலக்கினால் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பிக் கிடந்தது. கம்பியை அழுத்தினால் உள்ளே போனது, திரும்பி வரவே இல்லை. "அண்ணே, இதை வச்சா இத்தனை நாள் மலை ஏறுனீங்க?" என்றார் மெக்கானிக். ஆக, ஒரிஜினல் வாங்குகிற காசு எப்படியும் போகத்தான் போகிறது, கூலியும் அதேதான். அதற்கு மேல் நான் கொடுத்தது ஒரிஜினலுக்கும் பில்ஸ்டீன் பிராண்டின் பி6 ஷாக்குக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ரீமேப்பில் இந்தக் கணக்கு தலைகீழ், இல்லாத ஒரு செலவை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

பி6-ஐ எடுத்ததற்குக் காரணம், அது கம்பெனி ஸ்பிரிங்கோடும் கம்பெனி உயரத்தோடும் வேலை செய்யும். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டவர்களுக்குத்தான் பி8. நத்தம் பக்கம் கிராமத்து ரோடுகளில் பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்த மாட்டார்கள். ஷாக்கோடு மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் கட்டை) எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பிறகு தனியாகக் கழற்றினால் அதே கூலி மறுபடியும். வீல் அலைன்மென்ட்டை விடக்கூடாது.

மாற்றிய பிறகு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வது படிப்படியாக வருகிறது, திடீரென்று விழுவதில்லை. பிரேக்கும் தேறியிருக்கிறது: அலை அலையான தாரில் டயர் துள்ளாமல் தரையிலேயே இருந்தால்தான் ஏபிஎஸ் பிடியை விடாமல் இருக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் கெட்டிதான், பின்சீட்டில் அம்மா "என்னப்பா, ரோடு இப்படி உலுக்குது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் முதுகுவலிக்காரர்கள் இருந்தால் பி4 பாருங்கள், கம்பெனி ஷாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதே ஆக்டேவியாவில் பவர் கூடிய ஆர்எஸ் 230 மாடல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்ன கியர்பாக்ஸ் பயம் அவ்வளவு பொருந்தாது. அதில் இருப்பது ஆயிலில் நனையும் கிளட்ச் கொண்ட 6 ஸ்பீடு டிஎஸ்ஜி, கம்பெனியே 350 நியூட்டன் மீட்டர் கொடுத்திருக்கிறது. அந்த வண்டி என்னிடம் இருந்திருந்தால் ரீமேப்புக்குச் சரி சொல்லியிருப்பேன், கியர்பாக்ஸ் ஆயிலை 60,000 கிலோமீட்டரில் மாற்றிய பில்லைப் பார்த்துவிட்டு.