பால் பல் வேர் சிகிச்சை: கை ஃபைலா, ரோட்டரியா?

குழந்தைக்கு வேர் சிகிச்சை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நேரம்தான், வாயைத் திறந்தபடி உட்காரும் பொறுமை பாதியில் தீர்ந்துவிட்டால் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை. அங்கே ரோட்டரி ஜெயிக்கிறது: நிக்கல்-டைட்டானியம் ஃபைல் (வேரின் உட்புறத்தைச் சுரண்டும், ஊசி போன்ற மெல்லிய அரம்) மோட்டாரில் சுழன்று வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சீக்கிரம் புனல் வடிவமாக்கிவிடும், அப்புறம் பசை மருந்தும் சீராக நிரம்பும். கே-ஃபைல் என்ற எஃகு ஃபைலைக் கையால் திருகுவது மெதுவான வேலை, ஆனால் தடை எங்கே என்று விரலுக்குத் தெரியும். பால் பல்லின் வேர் மெல்லியது, வளைந்தது, போதாததற்குக் கரைந்துகொண்டும் இருக்கும். ரோட்டரியை அழுத்தினால் சுவரில் ஓட்டை விழலாம், ஃபைல் உள்ளேயே முறியலாம். நாடா போல் தட்டையான கால்வாயின் மூலைகளை இரண்டுமே முழுசாகத் தொடாது, அது கழுவும் திரவத்தின் பொறுப்பு. மோட்டார் சத்தத்துக்கு மிரளும் பிள்ளையா? சரி, கை ஃபைலையே எடுங்கள்.