அசிட்ரெட்டின் கேப்சூலோடு இரண்டு வருடம்: பட்டுப்புழு வளர்க்கும் ஒருத்தியின் அனுபவம்

அசிட்ரெட்டின் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் இருக்கின்றன. சொரியாசிஸ் என்ற தோல் நோய் எனக்குப் பல வருடத்துப் பழக்கம். கடைசியில் உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு, முழங்கால் என்று பரவி, தழை அறுக்கவே முடியாத நிலை வந்தபோதுதான் டாக்டர் இந்த மருந்தைக் கொடுத்தார். நோயாளிகள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மருந்து கேட்கும், ஆனால் மெதுவாகக் கேட்கும். முதல் இரண்டு மூன்று மாதம் நோய் ஒரு பக்கம் படுத்தும், மருந்து இன்னொரு பக்கம் படுத்தும். அந்தக் கட்டத்திலேயே விட்டுவிட்டவர்கள் பலர் "எனக்குக் கேட்கலை" என்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் கை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். உள்ளங்கை முழுக்கத் தடித்து, மஞ்சளாகி, ரேகை ஓடும் இடமெல்லாம் வெடித்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த வெடிப்பு விரலை விரித்தாலே ரத்தம் விடும். கதிர் அரிவாளைப் பிடிக்கத் துணி சுற்றிக்கொள்வேன். அறுத்து முடிப்பதற்குள் துணி நனைந்திருக்கும். மிளகாய் அரைத்த கையோடு அன்றைய வேலை முடிந்தது. மனையில் பிளீச்சிங் தெளிப்பது, சுண்ணாம்புத் தூள் தூவுவது எல்லாம் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டன. தழை போட வரும் பெண்களில் ஓரிருவர் நான் குடித்த சொம்பைத் தொட மாட்டார்கள். இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? இப்போதும் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறித் தோலின் மேல் பாய்வதால் வருவது.

வெட்பாலைத் தைலம் தடவியபோது அரிப்பு அடங்கியது, ஆனால் பரவுவது நிற்கவில்லை. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ஒரே வாரத்தில் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. என்ன ஊசி என்று அவர்கள் சொல்லவில்லை. ஊசி நின்றதும், முன்பு இல்லாத இடத்திலெல்லாம் சிவந்து, குளிர் நடுக்கத்தோடு உடம்பு முழுக்கத் தோல் உரிந்தது. பிறகு பார்த்த தோல் டாக்டர்தான், அது ஸ்டீராய்டாக இருந்திருக்க வேண்டும் என்று விளக்கினார். சொரியாசிஸ் உள்ளவருக்கு ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால், நோய் சீழ்க்கொப்புளமாகவோ உடம்பு முழுக்கச் சிவந்து உரிகிற வகையாகவோ மாறித் திரும்பி வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஒரே வாரத்தில் குணம் என்று யாராவது ஊசியோ பெயரில்லாத பொடியோ கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உடம்புக்குள் விடாதீர்கள்.

அசிட்ரெட்டினைத் தேர்ந்தெடுத்ததற்கு டாக்டர் மூன்று காரணம் சொன்னார். முதலாவது, சின்ன வயதில் எனக்குக் காசநோய் வந்து, மருந்து முழுதும் சாப்பிட்டு முடித்திருக்கிறேன். எதிர்ப்பு சக்தி அடங்கினால் அது திரும்பக் கிளம்பலாம். மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின், புதிதாக வந்திருக்கும் பயாலஜிக் ஊசிகளில் சில எல்லாம் எதிர்ப்பு சக்தியை அடக்கித்தான் சொரியாசிஸை அடக்குகின்றன. அசிட்ரெட்டின் அப்படி அடக்குவதில்லை. இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, கை கால் தடித்து வெடிக்கிற வகைக்கு இது நன்றாகக் கேட்கும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: எனக்கு மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் என் கையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது அந்தக் கேள்விதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சாதாரணமாக நம் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் இருக்கும் இடத்தில் அதே வேலை மூன்று நான்கு நாளில் நடந்துவிடுகிறது. பழுக்காத செல்கள் மேலே வந்து குவிந்து செதிலாகக் கொட்டுகின்றன. பட்டுப்புழு நாலு தடவை தோலுரித்துவிட்டுத்தான் கூடு கட்டும். ஒவ்வொரு உரிப்புக்கும் அது தழை தின்னாமல் அசையாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு இல்லாமல் அவசர அவசரமாக உரிந்துகொண்டிருந்தது என் தோல். இந்த மருந்து அந்த அவசரத்தைத்தான் குறைக்கிறது. அதனால்தான் ஊசி மாதிரி ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது.

ஆரம்பத்தில் தினம் 25 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று. சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. உணவில் கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் மதியம் ராகிக் களியும் நிலக்கடலைச் சட்னியும். அதுவே போதும் என்றார். அதற்காக வடை, போண்டா என்று இறங்கினால் ரத்தக் கொழுப்பு ஏறிவிடும் என்று அப்போதே எச்சரித்துவிட்டார்.

இனி வறட்சி. இதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. இரண்டாவது வாரமே உதடு காய்ந்து தோல் தோலாக வந்தது. சிரித்தால் வெடித்தது, குழம்பு பட்டால் எரிந்தது. உதடு காய்வது இந்த மருந்து சாப்பிடுகிற ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். உதடு காய்ந்தால் மருந்து உள்ளே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய பலமாக இருந்தது. வாசலின் டப்பா ஒன்று இடுப்பில், ஒன்று தலையணைக்குப் பக்கத்தில், ஒன்று மனையில். உதட்டில் காய்ந்த தோலைக் கையால் பிய்க்கவே கூடாது, புண்ணாகிவிடும். மூக்குக்குள்ளும் காய்ந்து, காலையில் சிந்தினால் ரத்தம் வந்தது. படுக்கும்போது மூக்கின் உள்விளிம்பில் விரல் நுனியால் வாசலின் தடவ ஆரம்பித்த பிறகு அது நின்றது. கண் உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார்.

கைதான் விசித்திரமாக நடந்துகொண்டது. தடித்த தோல் ஏடு ஏடாகக் கழன்று, அடியிலிருந்து வந்த புதுத்தோல் மெல்லிசாக, சிவப்பாக, ஒருவிதப் பிசுபிசுப்போடு இருந்தது. கை கழுவிய பிறகும் பசை ஒட்டியது போலத் தோன்றும். மல்பெரித் தண்டின் சொரசொரப்பே அந்தத் தோலைக் கீறியது. பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தழை அறுத்தேன். தோலில் அடி, கீறல் பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாக முளைக்கலாம் என்பதால், கையுறை அவசியமாகிவிட்டது. நான்காவது மாதம் வாக்கில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் சுருள் சுருளாக வரும். பயந்துவிட்டேன். டோஸ் குறைத்தால் திரும்ப முளைக்கும் என்றார். முளைத்தும் விட்டது, முன்பு இருந்த அடர்த்தி மட்டும் வரவில்லை.

பலன் எப்போது தெரிந்தது? முதல் மாதம் முதுகில் சிவப்பு கூடியது போலத்தான் இருந்தது. சிலருக்கு அப்படி ஆகும். மூன்றாவது மாதத்தில் செதில் மெலிந்தது. பாயைத் தட்டினால் மாவு மாதிரிக் கொட்டுவது குறைந்தது. ஆறு மாதம் நெருங்கும்போது கையில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. அந்தத் தொகுதிப் புழு பழுத்து, கூடு கட்டத் தயாரானபோது நானே வெறும் கையால் பொறுக்கி, கூடு கட்ட விடும் மூங்கில் தட்டான சந்திரிகையில் விட்டேன். பழுத்த புழு கண்ணாடி மாதிரி மினுங்கும், விரலில் ஜில்லென்று நெளியும். கொஞ்சம் அழுத்தினாலும் வீணாகிவிடும். தடித்துப்போன கைக்கு அந்த அழுத்தம் தெரியவே தெரியாது. வருடக்கணக்கில் விரல் நுனிக்கு எட்டாமல் போயிருந்த அந்த ஸ்பரிசம் திரும்பக் கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்த மருந்தைச் சாப்பிடவே கூடாது. ஆரம்பிப்பதற்கு முன்பு ஒருமுறை, பிறகு முதல் சில மாதம் அடிக்கடி, நிலைப்பட்ட பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எனக்கு எடுத்தார்கள். வெறும் வயிற்றில் கொழுப்பு, கல்லீரல் அளவுகள், சர்க்கரை. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்குள் இருப்பது நல்லது. எனக்கு அதைத் தாண்டி 300 பக்கம் போனது. 500-க்கு மேல் போக விட்டால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு என்று சொன்னதும் எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு இரண்டையும் நிறுத்தினேன், சாயங்காலம் நடந்தேன். டாக்டரும் டோஸை 10 மில்லிகிராமாகக் குறைத்தார். அளவு இறங்கியது, உதடும் கொஞ்சம் தேறியது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே, எதற்கு டெஸ்ட் என்று தள்ளிப்போடாதீர்கள். கொழுப்பு ஏறுவதும் கல்லீரல் பாதிப்பதும் ஆரம்பத்தில் உடம்புக்குத் தெரியாது.

இப்போது அந்த மூன்றாவது காரணம். என் கை தேறியதைப் பார்த்துவிட்டு நாத்தனார் மகள் ஒருநாள் கேட்டாள். அவளுக்கும் தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அத்தை, அந்த மாத்திரையில ஒரு அட்டை எனக்கும் குடுங்களேன், டாக்டர்கிட்ட போய் நிக்க வேண்டாமே" என்றாள். "கண்ணு, இது உனக்கு ஆகாது, கையால தொடக்கூட வேணாம்" என்று உட்காரவைத்துச் சொன்னேன்.

கருவில் இருக்கும் குழந்தையின் மண்டை, முகம், இதயம், மூளை எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய மருந்து இது. சாப்பிடும்போது மட்டும் இல்லை, நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அசிட்ரெட்டின் சில வாரத்திலேயே உடம்பை விட்டுப் போய்விடும். ஆனால் கூடவே ஆல்கஹால் சேர்ந்தால் அது எட்ரெட்டினேட் என்ற பழைய மருந்தாக மாறிக்கொள்கிறது. அது கொழுப்பில் போய்த் தங்கிவிட்டால் வெளியேற வருடக்கணக்கு ஆகும். மது என்றதும் "நாங்க எங்க குடிக்கிறோம்" என்று நம் பெண்கள் சிரிப்பார்கள். அரிஷ்டம், ஆசவம் என்ற ஆயுர்வேத மருந்து பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். நொதிக்க வைத்துச் செய்வதால் அவற்றில் ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். பசிக்கும் உடம்பு தேறுவதற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் ஊற்றிக் கொடுப்பது அதைத்தான். சில இருமல் டானிக்குகளிலும் உண்டு. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதுவதையே பெரும்பாலும் டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். அவளுக்கு ஒளி சிகிச்சை, மேலே தடவும் களிம்பு என்று வேறு வழி இருக்கிறது. மறுவாரம் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். களிம்பிலேயே அவளுக்குப் பாதி அடங்கியிருக்கிறது.

இதே காரணத்துக்காக, இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆணோ பெண்ணோ ரத்ததானம் செய்யக் கூடாது, நிறுத்தியும் மூன்று வருடம் வரை. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம் அல்லவா? ஊரில் முகாம் போட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற இன்னொரு கேள்வி, மாம்பழம். கிருஷ்ணகிரியில் சீசன் வந்தால் வீட்டுக்கு வீடு கூடை கூடையாக வரும். வைட்டமின் ஏ மருந்தாயிற்றே, பழத்தை நிறுத்தணுமா என்று நானும் கேட்டேன். பழத்திலும் கீரையிலும் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தேவைக்குத்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், அளவாகச் சாப்பிடலாம் என்றார். முருங்கைக்கீரையும் அப்படியே. சத்து மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினால்தான் வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கோ பருவுக்கோ டாக்ஸிசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் எழுதினால் அதோடு இதைச் சேர்க்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். மெத்தோட்ரெக்ஸேட்டும் சேரக் கூடாது, கல்லீரல் தாங்காது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நான் கேப்சூல் அட்டையை மேசைமேல் வைத்துவிடுவேன்.

வெயில் இந்தத் தோலுக்குச் சீக்கிரம் சுடும், அதனால் தழை அறுப்பதை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டேன். இரவுப் பார்வை மங்கலாம் என்று சொல்லியிருந்தார். கடைசித் தழை போட இரவில்தான் மனைக்குப் போவேன். எனக்கு மங்கவில்லை என்றாலும் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்குவதில்லை. ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பில் முள் மாதிரி வளரலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் முதுகு வலி, மூட்டு வலி உண்டா என்று டாக்டர் கேட்கிறார்.

செலவு, மெத்தோட்ரெக்ஸேட்டோடு பார்த்தால் பல மடங்கு. டெஸ்ட் செலவு தனி. கூடு விற்ற பணத்தில் அதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுகிறோம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மில்லிகிராம். உள்ளங்கை சுத்தம், முதுகு சுத்தம். இடது குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இன்னும் போகவில்லை. நகங்கள் மெலிந்து நுனியில் பிளக்கின்றன. பனிக்காலத்தில் திட்டு கொஞ்சம் கிளம்புகிறது, களிம்பு போட்டால் அடங்குகிறது. மருந்தை முழுதாக நிறுத்திப் பார்ப்பதா, இதே அளவில் தொடர்வதா என்று அடுத்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.