விம்மின் 'பாத்' அமைப்பு: பல வருடம் புழங்கிய பிறகு

புதிதாக விம் என்ற உரை எடிட்டர் பக்கம் வந்திருக்கும் நண்பர் ஒருவர், "ஃபைண்ட் கட்டளை கொடுத்தால் கண்ணெதிரே இருக்கிற கோப்பைக்கூட இல்லை என்கிறதே, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கோப்பை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் 'பாத்'. யூனிக்ஸ் கணினிகளில் விம் தானாகத் தேடும் இடங்கள் மூன்றுதான்: ஒரு புள்ளி, 'யுஎஸ்ஆர் இன்க்ளூட்' ஃபோல்டர், அப்புறம் ஒட்டி நிற்கும் இரண்டு கமா. நடுவில் இருப்பது சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் அதை எடுத்துவிட்டது, நல்ல காரியம்.

என் கோபமெல்லாம் அந்தப் புள்ளி மேல்தான். கட்டளைகள் தட்டும் ஷெல்லில் புள்ளி என்றால் நாம் இப்போது நிற்கும் ஃபோல்டர். விம்மின் பாத் அமைப்பில் மட்டும், திறந்திருக்கும் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அது. அப்படியானால் நிற்கும் ஃபோல்டரை எப்படிச் சொல்வது? இரண்டு கமாவுக்கு நடுவே ஒன்றுமே எழுதாமல் விட வேண்டும்! ஒரு கமாவைத் தவறுதலாக அழித்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, தேடல் மட்டும் பொய்த்துப்போகும். இதில் 'ஆட்டோசிஹெச்டிஐஆர்' என்ற அமைப்பு வேறு இயக்கத்தில் இருந்தால், கோப்பு மாறும்போதெல்லாம் நிற்கும் ஃபோல்டரும் கூடவே மாறி, இரண்டும் ஒன்றாகிவிடும். விம் முதலில் வெளிவந்தது 1991இல். இத்தனை வருடம் கழித்தும் இதைப் புதியவர்கள் உதவிப் பக்கத்தைத் துருவித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சரி, நல்லதையும் சொல்லியாக வேண்டும். 'செட் பாத்+=**' என்று ஒரு வரி சேர்த்தால் உள்ளடுக்கு ஃபோல்டர்கள் எல்லாம் தேடலுக்குள் வந்துவிடும். ஃபைண்டுக்குப் பின் பெயரில் கொஞ்சம் தட்டி டேப் அழுத்தினால் போதும். கர்சரைக் கோப்புப் பெயர் மேல் வைத்து 'ஜிஎஃப்' அடித்தால் அந்தக் கோப்பே திறக்கும். இறக்குமதி வரியில் கோப்பின் நீட்சியை எழுதாத மொழிகளுக்கு, அதைச் சேர்த்துத் தேட 'சஃபிக்ஸஸ்ஆட்' இருக்கிறது. செருகுநிரல் ஒன்றும் வேண்டாம். இவ்வளவு சுத்தமான வசதியை வேறு எடிட்டரில் நான் பார்த்ததில்லை.

ஆனால் 'நோட் மாட்யூல்ஸ்' (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் குவிந்து கிடக்கும் ஃபோல்டர்) இருக்கும் ப்ராஜெக்டில் அதே இரண்டு நட்சத்திரம் டேப் அழுத்தியதும் மூச்சுத் திணறும். 'வைல்ட்இக்னோர்' அமைப்பு, டேப் காட்டும் பட்டியலிலிருந்து பெயர்களை மறைக்கிறதே தவிர, உள்ளே இறங்கி அலைவதை நிறுத்துவதில்லை. ஆழத்தைச் சொல்லாவிட்டால் 30 அடுக்கு வரை இறங்கும். அதனால் '**3' என்று ஆழத்தைக் கட்டுங்கள், அல்லது நிரல் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மட்டும் கொடுங்கள். அமைத்த பிறகும் வேலை செய்யவில்லையென்றால் 'வெர்போஸ் செட் பாத்?' கேட்டுப் பாருங்கள். கோப்புவகைச் செருகுநிரல் ஏதாவது அந்தக் கோப்புக்கு மட்டும் மதிப்பை மாற்றியிருந்தால், எங்கிருந்து மாற்றியது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: பெரிய ப்ராஜெக்டென்றால் இதோடு மல்லுக்கட்டாதீர்கள், எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியும் கமாவும் சரியாகும்வரை புதியவர் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கான்ஃபிக்கில் அந்த வரி அப்படியேதான் இருக்கும். எதையும் நிறுவ அனுமதியில்லாத சர்வர்களில் எனக்கு வேறு துணை கிடையாது.