சாசரா, கவைனா? எதை முதலில் எடுப்பது

பரீட்சை இல்லை, ரசிக்க மட்டும்தான் பழைய ஆங்கிலக் கவிதை என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’, பெயர் தெரியாத கவிஞரின் ‘சர் கவைனும் பச்சை வீரனும்’. இரண்டும் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.

நீளம்
சாசர்: 24 கதைகள், சுமார் 17,000 வரிகள். முடிக்காமலே 1400இல் இறந்துவிட்டார்.
கவைன்: 2,530 வரிகள், ஒரே கதை. ஒரு வார இறுதி போதும்.

மொழி
சாசர்: லண்டன் வழக்கு. அடிக்குறிப்போடு மூலத்தையே படிக்கலாம். வாய்விட்டுப் படியுங்கள். வீரனைக் குறிக்கும் ‘நைட்’ (knight) என்ற சொல்லை அன்று ‘க்னிஹ்ட்’ என்பதுபோல, எழுத்து விடாமல் உச்சரித்தார்கள். அது பிடிபட்டதும் பாதிக் கடினம் போய்விடும்.
கவைன்: வடமேற்கு வட்டார வழக்கு. மூலம் படுத்தி எடுக்கும். டோல்கீன் அல்லது சைமன் ஆர்மிடேஜின் இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பே சரி.

ஓசை
சாசர்: பெரும்பாலும் ஈரடிகளாக இயைபு, இரண்டு கதைகள் உரைநடை.
கவைன்: வரிக்குள்ளேயே முதலெழுத்து ஒன்றிவரும், கிட்டத்தட்ட நம் மோனை. எனக்கு இதுதான் கிறக்கம்.

செலவு
இரண்டின் மூலமும் இணையத்தில் இலவசம். புதிய மொழிபெயர்ப்புக்குத்தான் காசு.

சிரிப்பும் வம்பும் வேண்டும், நடுவில் விட்டுவிட்டு அப்புறம் தொடரவும் வேண்டும் என்றால் சாசர். அதில் மில்லர் (மாவு அரைப்பவர்) சொல்லும் கதையில் தொடங்குங்கள். கொஞ்சம் பச்சையாகவே இருக்கும். வெட்டிய தலையைத் தானே கையில் தூக்கிக்கொண்டு குதிரையேறும் வீரனோடு ஒரே மூச்சில் போக ஆசையென்றால் கவைன்.