ஓடுகிற பத்மினியா, பிரித்துப் போட்ட பத்மினியா?

பழைய பிரீமியர் பத்மினி காரை ஓடுகிற நிலையில் வாங்குவதா, ஓடாமல் கிடப்பதை வாங்கிச் சரிசெய்வதா? இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முதல் பத்மினி வேலூரில் ஒரு கொட்டகையில் கிடந்தது. விலை 35,000 ரூபாய்தான். இன்ஜின் பயமுறுத்தவில்லை, 1089 சிசி, எளிமையான அமைப்பு, கார்புரேட்டர் உட்பட இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டது. பணத்தைத் தின்றது பாடி. கால்மிதியைத் தூக்கினால் கீழே தரை தெரிந்தது! பாடித் தகடு வேலை பார்க்கும் டிங்கர் கடையில் மூன்று மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆயிற்று. தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் பட்டி (பள்ளத்தை அடைக்கும் பசை) பூசிவிட்டார்கள். அடுத்த மழைக்கே கதவுக்கு அடியில் பெயிண்ட் கொப்பளித்தது. பீடிங், பம்பர் என்று சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்த ஞாயிறுகள் தனி. மொத்தம் மூன்றேகால் லட்சம்.

அப்புறம் போன வருடம் அண்ணனுக்கு ஓடுகிற பத்மினி ஒன்று, 1,80,000க்கு. அன்றே ஓட்டிக்கொண்டு வந்தோம். ஸ்டீயரிங்கை ஒட்டிய அந்தக் கியர் மூன்றிலிருந்து நாலுக்கு விழும் சுகம் இருக்கிறதே! பிரேக்கும் ரேடியேட்டர் ஹோஸும் மட்டும் மாற்றினோம்.

என் ஓட்டு ஓடுகிற வண்டிக்குத்தான். பார்க்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கும். ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். அது விட்டுப்போன வண்டியை நான் தொடவே மாட்டேன்.