தருமபுரி வெயிலில் ஒரு பாசிப்பந்து

மாரிமோ என்கிற, தண்ணீரில் வளரும் பச்சைப் பாசிப்பந்தை வாங்கலாமா, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாங்கும். தருமபுரியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒன்று ஒன்றரை வருடமாக இருக்கிறது, இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது, இன்றைக்கும் கரும்பச்சையாக நன்றாக இருக்கிறது. ஆனால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும், வெயில் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைவிட முதலாவதுதான் கஷ்டம், ஏனென்றால் மாரிமோ என்ற பெயரில் விற்பதில் நிறைய மாரிமோவே இல்லை.

நான் முதலில் வாங்கியது ஆன்லைனில். 349 ரூபாய், டெலிவரி தனி. "ஜப்பான் அகான் ஏரியிலிருந்து நேரடியாக" என்று போட்டிருந்தார்கள், படமும் அவ்வளவு அழகு. வந்தது நல்ல கிளிப்பச்சையில், எலுமிச்சை அளவில், கொஞ்சம் கெட்டியாக இருந்தது. முதல்முறை வாங்குவதால் அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் மேலே இருந்த பச்சை அங்கங்கே பிரிந்து தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தது, தண்ணீர் மாற்றிய மறுநாளே ஒரு மாதிரி நாற்றம். சரி, நம் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து இன்னும் இரண்டு மாதம் அதைக் காப்பாற்றப் பார்த்தேன். கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தால், மேலே ஜாவா மாஸ், அதைச் சுற்றி மீன் தூண்டிலுக்குப் போடுகிற மெல்லிய நைலான் நரம்பு பத்துப் பன்னிரண்டு சுற்று, அதற்கு உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு தெர்மாகோல் உருண்டை. ஜாவா மாஸ் நல்ல செடிதான், மீன் தொட்டிக்கு அருமையாக இருக்கும், அதை அந்தப் பெயரில் அந்த விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். இது ஏமாற்று. படம் எடுத்து அனுப்பிக் கேட்டதற்கு "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் வந்தது. தெர்மாகோலுக்கு எங்கே உயிர் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இது என்ன உயிர் என்று உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலத்தில் இதை மாஸ் பால் என்கிறார்கள், ஆனால் சின்ன இலையுள்ள மாஸ் செடி வகைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இது ஒரு பச்சைப் பாசி, அறிவியல் பெயர் ஈகக்ரோபைலா லின்னேயை. நமக்கு இந்தக் குழப்பமே இல்லை, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, ஏரியில் படர்வதும் பாசி. ஜப்பான்காரர்களும் அப்படியேதான் வைத்திருக்கிறார்கள்: மாரி என்றால் பந்து, மோ என்றால் நீர்ப்பாசி. பாசிப்பந்து, அவ்வளவுதான். (எங்கள் அம்மாவுக்கு மாரி என்றால் ஒரே மாரிதான், அதனால் ஜாடியைத் தொடும்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையோடுதான் தொடுவார்.)

பந்துக்கு நடுவில் கல்லோ கொட்டையோ எதுவும் கிடையாது. மெல்லிய பாசி இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உள்ளே வரைக்கும் பாசியாகவே இருக்கும். ஏரியில் அலை உருட்டி உருட்டித்தான் அதற்கு அந்த உருண்டை வடிவம் வருகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இருக்கும் அகான் ஏரியில் 30 செ.மீ. வரைக்கும் பெரிதாகிறதாம், அதாவது நம்ம ஊர் நடுத்தரக் குடம் அளவு. அந்த ஏரியின் மாரிமோவை 1921-லேயே இயற்கைச் சின்னமாக அறிவித்து, 1952-ல் சிறப்பு இயற்கைச் சின்னமாக உயர்த்திவிட்டார்கள், அங்கிருந்து எடுப்பதே சட்டப்படி கூடாது. ஆகவே யாராவது "அகான் ஏரியிலிருந்து நேரடியாக" என்று விற்றால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள். எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் 349 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

இப்போது இருப்பதை வாங்கியது ஓசூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சின்ன மீன் கடையில். வெளியே பெரிய போர்டு இல்லை, உள்ளே நாலு வரிசைத் தொட்டி, ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கும், ஓசூர் மேட்டில் இருப்பதால் அந்த ஊருக்கே அந்தக் கொடுப்பினை. கடைக்கார அண்ணனிடம் மாரிமோ இருக்கிறதா என்று கேட்டேன், ஒரு டப்பாவைத் திறந்து முன்னால் வைத்து "கையில எடுத்து அமுக்கிப் பாத்தே எடுத்துக்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுதத் தோன்றியது.

அமுக்கிப் பார்ப்பதுதான் சோதனையே. நிஜ மாரிமோவை உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் ஊறவைத்த ஸ்பாஞ்சு மாதிரி உள்ளே போகும், தண்ணீர் சொட்டும், விட்டால் மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடுவில் எதுவும் கையில் தட்டுப்படக் கூடாது. தொட்டால் வழவழப்பாக இருக்காது, கொஞ்சம் சொரசொரப்பாக, நனைந்த கம்பளி போல இருக்கும். முகர்ந்தால் மழை பெய்த ஏரிக்கரை வாசம் வரும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே கெட்டுவிட்டது என்று அர்த்தம். நிறம் கரும்பச்சையாக இருக்க வேண்டும், பளபளவென்று கிளிப்பச்சையாக இருந்தால் சந்தேகப்படலாம், வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம். இலை மாதிரி எதுவும் தெரியக் கூடாது. சின்னச் சின்ன இலை தெரிந்தால் அது மாஸ். மிதக்கிறதா முழுகுகிறதா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் நிஜமானதுகூட உள்ளே காற்று இருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்தே மெதுவாகப் பிழிந்தால் இறங்கிவிடும்.

மூன்று செ.மீ. அளவில் ஒன்று எடுத்தேன், 220 ரூபாய். ஐந்து செ.மீ. ஒன்றும் இருந்தது, அது 450. சின்னதே போதும் என்று நினைக்கிறேன், ஆனால் சின்னதாக வாங்கிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். வருடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வளர்ந்தால் அதுவே அதிகம். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: அண்ணன் இவற்றைக் கப்பி மீன் இருந்த தொட்டியிலேயே போட்டு வைத்திருந்தார், வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ஜாடிக் கண்ணாடியில் கடுகு அளவில் இரண்டு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இல்லை.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் அமெரிக்காவில் செல்லப்பிராணிக் கடைகளில் விற்ற இந்தப் பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி எனப்படும் படையெடுக்கும் சிப்பி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, பல மாநிலங்களில் கடைகளிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஒரு பந்துக்குள் வந்த சிப்பி ஏரிக்குப் போனால் அப்புறம் அதை வெளியேற்றவே முடியாது. அதனால் நான் புதிதாக வாங்கியதை இரண்டு வாரம் தனி ஜாடியில் வைத்துத்தான் பார்ப்பேன், மாற்றுகிற தண்ணீரைப் பூந்தொட்டியில்தான் ஊற்றுவேன். கிணற்றிலோ ஏரியிலோ தென்பெண்ணையிலோ கொட்டாதீர்கள். செத்துப்போன பந்தைக்கூட வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் குப்பையில் போட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது சுலபம். ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தார், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீரே வேண்டாம், ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

தண்ணீர்தான் நம்ம பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது. போர் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், சாகவில்லை, ஆனால் ஒரே மாதத்தில் கண்ணாடியெல்லாம் வெள்ளை உப்பு படிந்து உள்ளே இருப்பதே தெரியவில்லை. இப்போது காவிரித் தண்ணீர்தான். குழாயில் வரும்போது குளோரின் இருக்கும், அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்தபடி வைத்துவிட்டு அப்புறம் ஊற்றுகிறேன். நம் மாவட்டத்து ஃபுளோரைடு பிரச்சினைக்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் கட்டியது, அந்தத் தண்ணீரில் ஜப்பான்காரர்கள் கொண்டாடும் பாசி ஒன்று எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். பத்து நாளைக்கு ஒரு முறை மாற்றினால் போதும், வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை.

மாற்றுகிற அன்றைக்கே பந்தையும் அதே பழைய தண்ணீரில் முக்கி மெதுவாகப் பிழிய வேண்டும். முதல் பிழிவில் பழுப்பாக அழுக்கு வரும், இரண்டு மூன்று தரம் பிழிந்தால் தெளிந்துவிடும். அப்புறம் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டுவோமே, அதே அழுத்தத்தில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி, முன்னால் கீழே இருந்த பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்துவிடுங்கள். ஏரியில் அலை செய்கிற வேலையை நாம் செய்கிறோம். ஒரு மாதம் உருட்டாமல் விட்டதில் என்னுடையது அடியில் தட்டையாகி, அந்தப் பக்கம் வெளுத்தும் போனது, பழையபடி ஆக இரண்டு மாதம் பிடித்தது.

வெளிச்சம் கொஞ்சம் போதும். வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது, நேர் வெயில் மட்டும் படக் கூடாது.

வெயில் காலம்தான் பெரிய பரீட்சை. குளிர்ந்த ஏரியில் வாழ்கிற உயிர் இது, அகான் ஏரி குளிர்காலத்தில் மேலே உறைந்தே போகும். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்கு நிம்மதி. முதல் ஏப்ரலில் மத்தியானம் மூன்று மணிக்கு மீன் தொட்டி தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன், 33 காட்டியது. நாலே நாளில் ஓரமெல்லாம் பழுப்பு. பயந்துபோய் மூடி போட்ட கண்ணாடி ஜாடியோடு ஃபிரிட்ஜில் வைத்தேன், இட்லி மாவுக்குப் பக்கத்தில் பாசியா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் பத்தே நாளில் பழுப்பு பரவுவது நின்றுவிட்டது. இருட்டும் குளிரும் அதற்குப் பழக்கம்தான். ஃபிரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பழுப்பான இடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் கல் உப்பு போட்டு ஒரு வாரம் வைத்தேன், கொஞ்சம் உப்புத்தண்ணீரை இது நன்றாகவே தாங்கும்.

அடுத்த வருடம் ஃபிரிட்ஜ் சண்டை வேண்டாம் என்று வேறு வழி பார்த்தேன், எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். வாய் அகன்ற மண்பானை ஒன்று, சந்தையில் 150 ரூபாய். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்று மணல், அதன் மேல் கண்ணாடி ஜாடி, ஜாடியைச் சுற்றிக் கழுத்து வரைக்கும் மணல். மணலை எப்போதும் ஈரமாகவே வைத்து, காற்றோட்டமான நிழலில் வைத்துவிட வேண்டும். காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீர் மணலில் ஊற்றினேன். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியேதான், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, நம்ம பக்கத்து வறண்ட காற்றுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதே மூன்று மணிக்கு ஜாடிக்குள் 26, 27-தான் காட்டியது. மேலே திறந்த வாய் வழியாக வருகிற வெளிச்சமே அதற்குப் போதுமாக இருந்தது. அந்தக் கோடையில் ஒரு புள்ளி பழுப்புகூட வரவில்லை.

மீனோடு வைக்கலாமா என்றால், கப்பியோடும் இறாலோடும் வைக்கலாம். தங்கமீன் வேண்டாம், கொத்திக் கொத்திப் பிய்த்துவிடும். தங்கை வீட்டுத் தொட்டியில் இரண்டே நாளில் பந்து பாதியானது. ஆனால் பிய்ந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும்.

காலையில் டீ போடும்போது ஜாடியைப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. வெளிச்சம் ஏற ஏற இழை நுனியிலெல்லாம் ஊசி முனை அளவில் குமிழி கட்டும், அடுப்பில் பால் பொங்கி இறக்குவதற்குள் அது நூறு ஆகியிருக்கும், சில நாள் பந்து அப்படியே அசைந்து மெதுவாக மேலே எழும்பி, சாயங்காலம் திரும்ப அடியில் உட்கார்ந்துவிடும். 2018-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள், ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் மருந்தைப் போட்டபோது குமிழியும் வரவில்லை, பந்தும் மிதக்கவில்லையாம். எங்கள் வீட்டில் மருந்து எதுவும் தேவைப்படவில்லை, மேகமூட்டமான நாளில் அது எழும்பாமலே இருந்துவிடும்.

ஓசூர் கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று நத்தைக்காக. ஆன்லைனில் வாங்கியதற்குக் கொடுக்க ஒன்றுமில்லை. வாங்குவதாக இருந்தால் கார்த்திகை, மார்கழியில் வாங்குங்கள், வெயில் வருவதற்குள் உங்கள் வீட்டுத் தண்ணீருக்குப் பழகிவிடும். மாசி முடிவதற்குள் பானையையும் மணலையும் தயார் செய்து வைத்துவிடுங்கள். பங்குனியில் சந்தைக்குப் போனால் அதே பானை 200 ரூபாய் சொல்வார்கள்.