மண்டபத்துக் கயிற்றுக் கடையிலிருந்து அரசு டெண்டர்: ஆறு வருட அனுபவம்

மண்டபத்தில் கயிறு, மிதவை, லைஃப் ஜாக்கெட் விற்கும் சின்னக் கடை என்னுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் விசைப்படகு கரையில்தான், என் கல்லாவும் அப்படித்தான். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மே மாதத்தில்தான் அரசு டெண்டர் போட்டுப் பார்ப்போமே என்று இறங்கினேன். ஆறு வருடம் ஆச்சு. தோற்றதில் பாதி விலையால் இல்லை, என் கையாலேயே.

முதல் டெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் டெண்டர் தளத்தில் இரண்டு கவர்: ஒன்றில் ஜி.எஸ்.டி., பான், முன் அனுபவச் சான்று போன்ற காகிதங்கள், இன்னொன்றில் விலை. விலையை அவர்கள் தரும் எக்செல் கோப்பிலேயே நிரப்ப வேண்டும், கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அப்பாடா என்று டீ குடிக்கப் போய்விட்டேன். கடைசியில் 'ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்' என்று ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினால்தான் நாம் டெண்டர் போட்டதாகவே கணக்கு என்பது, திறந்த அன்று பட்டியலில் என் பெயர் இல்லாதபோதுதான் தெரிந்தது. கடைப்பையன் கேட்டான், "என்னண்ணே, கிடைச்சிருச்சா?" என்ன சொல்ல!

அடுத்தது கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் மாதிரி இருக்கும், கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து அதற்குள் இருக்கும், அது இல்லாமல் தளத்துக்குள் நுழையவே முடியாது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அதன் முனை பச்சை பூத்து, கடைசி நாள் மதியம் கணினி அதை அடையாளமே காணவில்லை. சட்டைத் துணியில் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக உள்ளே போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. சர்வர் கடிகாரம்தான் கணக்கு, நம் செல்போன் கடிகாரம் இல்லை. இப்போது டோக்கன் ஜிப் கவருக்குள், கவர் எவர்சில்வர் டப்பாவுக்குள்.

டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை (ஈ.எம்.டி.) விஷயத்தில் நன்றாகவே அடிபட்டேன். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று இருந்தால் ஈ.எம்.டி. கட்ட வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் டெண்டருக்குக் கட்டாமல் போட்டேன், தள்ளுபடி. அந்தச் சலுகை உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். என்னைப்போல வாங்கி விற்பவருக்கு உத்யம் இருந்தும் கிடையாது. பில் தொகை 45 நாளுக்குள் வர வேண்டும் என்ற சட்டமும் அப்படியே, வியாபாரிக்குப் பொருந்தாது. ஒரு அலுவலகம் என் பில்லை ஏழு மாதம் வைத்திருந்தது, கேட்டால் ஃபண்டு வரவில்லை என்பார்கள். அந்த வட்டியையும் கணக்கில் சேர்த்துத்தான் இப்போது விலை போடுகிறேன்.

மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளம் வேறு கதை. 2016-இல் வந்தது, மத்திய அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் அதில்தான் வாங்குகின்றன. பொருளைப் பட்டியலில் ஏற்றுவதே பெரும்பாடு, ஏற்றினால் பெருநகர மொத்த வியாபாரிகள் போடும் விலையைப் பார்த்துத் தலை சுற்றும். ஆனால் சரக்கு ராமேஸ்வரம் பக்கம் இறங்க வேண்டிய டெண்டரில் லாரி வாடகையில் நான் ஜெயித்துவிடுவேன். அதனால் எல்லாவற்றுக்கும் ஓடுவதை விட்டுவிட்டேன். பாம்பனுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வருவதை மட்டும், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே, பட்டனையும் அழுத்தி ரசீதை பிரிண்ட் எடுத்து வைத்துவிடுகிறேன்.